நுழைவுத்தேர்வு இங்கிலீஷ் வார்த்தைகள்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

"வொக்காபுலரி வீக்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எழுதின மாக் டெஸ்ட் பேப்பரைத்தான். தப்பான கேள்வி ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதச் சொல்வேன்: ஏன் தப்பாச்சு? வார்த்தையே தெரியாதா, தெரிந்து மறந்ததா, வேறு அர்த்தத்தில் வந்து ஏமாற்றியதா, இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதா, நேரமே இல்லாமல் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வந்ததா? எழுதி முடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒன்றிரண்டைச் சரிசெய்யாமல் இன்னும் நூறு வார்த்தை மனப்பாடம் பண்ணினால், அந்த நூறும் அதே இடத்தில் போய்த்தான் சிக்கும்.

அதனால் இதை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். பேப்பர் ஓரத்தில் எழுதினதை வைத்துக்கொண்டு, உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். வாசிக்க வசதியாக இங்கிலீஷ் வார்த்தைகளை இங்கே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன்னால் எந்தப் பரீட்சை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்பில் சேர 2022-ல் தொடங்கிய க்யூட்டில் இங்கிலீஷ் தாளில் பத்திகளோடு சினானிம் (ஒத்த சொல்), ஆன்டனிம் (எதிர்ச்சொல்), சரியான வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் நேரடியாகவே உண்டு. 2025-லிருந்து 50 கேள்வி, 60 நிமிடம், எல்லாமே கட்டாயம். சட்டப் படிப்புக்கான க்ளாட் 2020-லேயே முழுக்கப் பத்தி சார்ந்த கேள்விகளுக்கு மாறிவிட்டது. மொத்தம் 120 கேள்வியில் இங்கிலீஷ் 22 முதல் 26 வரை, ஒவ்வொரு பத்தியும் 450 வார்த்தை அளவில் இருக்கும், அதில் வருகிற ஒரு சொல்லுக்கு 'இந்த இடத்தில்' என்ன பொருள் என்றுதான் கேட்பார்கள். இந்தூர் ஐஐஎம்மில் பிளஸ் டூ முடித்ததும் சேர்கிற ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்புக்கான ஐபிமேட்டில் வார்த்தையையே நேரடியாகச் சோதிக்கிற கேள்விகள் வரும். க்ளாட் எழுதப்போகிறவர் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதுகிற ஜிஆர்இ-யின் தலையணை லிஸ்டை வைத்து மல்லுக்கட்டுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு உழைப்பையும் பத்தி வாசிப்பில் போட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

"நேற்றுப் படித்தேன், இன்றைக்குப் பார்த்தால் புதுசாக இருக்கிறது"

இது ஞாபகசக்திக் கோளாறே இல்லை, எல்லோருக்கும் இப்படித்தான். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆக, ஒரே ராத்திரியில் ஒரு வார்த்தையை இருபது தடவை வாசிப்பதை விட, இன்றைக்கு, நாளைக்கு, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று நாலு தடவை நினைவுகூர்வது எவ்வளவோ மேல்.

நினைவுகூர்வது என்று சொன்னதைக் கவனியுங்கள். வாசிப்பது வேறு. லிஸ்டில் வார்த்தையும் அர்த்தமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு 'எனக்குத் தெரியும்' என்று நினைக்க வைத்துவிடும். அர்த்தத்தைக் கையால் மறைத்து, வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம் திறந்து பார்த்தால்தான் தெரியுமா தெரியாதா என்பது தெரியும்.

செய்யவேண்டியது இதுதான். வீட்டில் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள், மதுரைப் பக்கத்தில் எந்த வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். அச்சில்லாத பக்கத்தைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டினால் கெட்டியான கார்டு ரெடி. ஒரு பக்கம் வார்த்தை வருகிற ஒரு முழு வாக்கியத்தை எழுதி, அந்த வார்த்தை இருக்கிற இடத்தில் மட்டும் கோடு போடுங்கள், முதல் எழுத்தை மட்டும் கொடுங்கள். பின்பக்கம் வார்த்தை, அதன் பொருள், அது வழக்கமாகச் சேர்ந்து வருகிற இரண்டு மூன்று சொற்கள். மூன்று டப்பா வையுங்கள். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். சரியாகச் சொன்ன கார்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னது எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் சொன்ன முறையின் சுருக்கம் இது. போனில்தான் வசதி என்றால் ஆங்கி என்ற ஆப் இந்த வேலையைத் தானே கணக்குப் போட்டுச் செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஆனால் யாரோ செய்து வைத்திருக்கிற ஐயாயிரம் கார்டு கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். கார்டை நீங்களே செய்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதி வார்த்தை மனசில் ஏறுகிறது.

ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்துப் புது வார்த்தை போதும். ஐம்பது எழுதினால் நாலாம் நாள் திரும்பப் பார்க்கவேண்டிய கார்டே மலைபோல் குவிந்து, ஐந்தாம் நாள் டப்பாவைத் திறக்கவே மனசு வராது.

"கார்டில் தெரிந்த வார்த்தைதான், பத்தியில் அர்த்தம் பொருந்தவே மாட்டேன் என்கிறது"

ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் என்று படித்ததால் வருகிற சிக்கல். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட இங்கிலீஷ் வார்த்தைகளை நாம் ஒரே ஒரு பொருளில் பழகிவைத்திருக்கிறோம். 'லோன் சாங்ஷன் ஆயிருச்சு' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு சாங்ஷன் என்றால் அனுமதி. பத்தியில் ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விதித்தார்கள் என்று வந்தால் அது தடை, நேர் எதிர். 'அவர் சென்டிமென்ட் பார்ப்பார்' என்றால் நமக்குச் சகுனம், ராசி. பத்தியில் பப்ளிக் சென்டிமென்ட் என்றால் மக்களின் பொதுவான எண்ணம். காம்ப்ரமைஸ் நமக்குச் சமரசம், ஆனால் பாதுகாப்பு காம்ப்ரமைஸ் ஆனது என்று வந்தால் பாதுகாப்பில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். குவாலிஃபைட் என்றதும் தகுதி பெற்ற என்று தோன்றும், குவாலிஃபைட் சப்போர்ட் என்றால் நிபந்தனையோடு கூடிய அரை ஆதரவு.

க்ளாட் மாதிரிப் பரீட்சையில் கஷ்டமான வார்த்தையை விட இந்த மாதிரி எளிய வார்த்தைகள்தான் மார்க்கைத் தின்னும், ஏனென்றால் தெரியும் என்ற நினைப்பில் யாரும் நின்று யோசிப்பதில்லை. டெம்பர் (வினையாக வந்தால் மட்டுப்படுத்து), செக் (தடுத்து நிறுத்து), அரெஸ்ட் (ஒரு போக்கை நிறுத்து), கிரேவ் (கடுமையான, கவலைக்கிடமான), இதெல்லாம் அந்த வகை. தனி நோட்டுப் போடுங்கள். ஏற்கெனவே தெரிந்த வார்த்தை புது அர்த்தத்தில் வந்த இடங்கள் மட்டும் அதில் ஏறட்டும். ஆப்ஷனைப் பார்க்கும்போது உங்கள் மனசில் முதலில் ஓடிவருகிற அர்த்தம் அங்கே ஒரு ஆப்ஷனாக உட்கார்ந்திருந்தால், பத்திக்குத் திரும்பிப் போய் அந்த வரியையும் அதற்கு முந்தின வரியையும் படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் அது ஏமாற்ற வைத்ததாக இருக்கும்.

"கடைசியில் இரண்டு ஆப்ஷன் மிஞ்சுகிறது, இரண்டும் சரி மாதிரியே இருக்கிறது"

எனக்கு அதிகம் வருகிற குறை இதுதான், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம் இருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் நோட்டை நீட்டிக் கேட்டான். "அண்ணே, மிட்டிகேட், அலீவியேட், அலே, மூணுக்குமே டிக்‌ஷனரியில குறைத்தல், தணித்தல்னுதான் போட்டிருக்கு. அப்புறம் எப்படிண்ணே ஒண்ணு மட்டும் சரியாகும்?" அழகான கையெழுத்து, கோடு போட்டுப் பிரித்த பக்கம், இடது பக்கம் வார்த்தை, நடுவில் ஈக்வல் டு, வலது பக்கம் தமிழ். மூன்று வரியிலும் வலது பக்கம் ஒரே சொல். பழுது அந்த ஈக்வல் டு குறியில்தான் இருந்தது.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். "பசி என்ன ஆகும்?" "ஆறும்." "தாகம்?" "தணியும்." "காய்ச்சல்?" "விடும்." "மழை?" "வெறிக்கும்." நாலும் குறைவதுதான், நிற்பதுதான். ஆனால் பசி வெறித்தது என்று தமிழ் பேசுகிற யாரும் சொல்லமாட்டார்கள். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை, சேர்த்தே கேட்டதால் சேர்த்தே பதிந்துவிட்டது. இங்கிலீஷிலும் அப்படித்தான். மிட்டிகேட்டோடு வருவது ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ்: வரப்போகிற, அல்லது வந்துவிட்ட பாதிப்பின் அளவைக் குறைப்பது. அலீவியேட்டோடு வருவது பெயின், சஃபரிங், பாவர்ட்டி: அனுபவித்துக்கொண்டிருக்கிற துன்பத்தைத் தணிப்பது. அலேயோடு வருவது ஃபியர், டவுட், சஸ்பிஷன்: மனசில் இருக்கிற பயத்தையும் சந்தேகத்தையும் போக்குவது. கோடிட்ட இடத்துக்கு அடுத்தாற்போல் ஃபியர்ஸ் என்று இருந்தால் அலேதான். வாக்கியம் முழுவதையும் புரிந்துகொள்ளக்கூட வேண்டியதில்லை, பக்கத்து வார்த்தை காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் நோட்டில் ஈக்வல் டு போட்டுத் தமிழ் எழுதுவதை நிறுத்துங்கள். தமிழ்ப் பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது சீக்கிரம் புரிய உதவும், இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் 'இதோடு சேரும்' என்று இரண்டு மூன்று பெயர்ச்சொற்களை எழுதுங்கள். லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகளில், அதாவது இங்கிலீஷ் கற்பவர்களுக்காகவே எழுதின அகராதிகளில், எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இதற்காகவே கொடுத்திருப்பார்கள், பொருளை விட அந்த வாக்கியங்களைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இரண்டு ஆப்ஷன் சிக்கலின் இன்னொரு பாதி, தொனி. சிக்கனமானவர் என்றால் பாராட்டு. கஞ்சன் என்றால் குறை. எச்சில் கையால் காக்கா விரட்டமாட்டார் என்றால் அதற்கும் மேலே ஒரு படி. ஆள் ஒருவரே, சொல்கிறவரின் மனசுதான் மாறுகிறது. இங்கிலீஷில் ஃப்ரூகல், ஸ்டிஞ்சி, மைசர்லி என்று அதே வரிசை இருக்கிறது. ஸ்டெட்ஃபாஸ்ட் என்றால் உறுதியானவர், ஆப்ஸ்டினேட் என்றால் பிடிவாதக்காரர். கார்டின் மூலையில் ஒரு பிளஸ், மைனஸ் அல்லது பூஜ்யம் போடுங்கள். பத்தியை எழுதினவர் அந்த ஆளைப் பாராட்டுகிறாரா, திட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு ஆப்ஷனுக்கு வந்தால், மிஞ்சிய இரண்டில் ஒன்று தானாகவே கழன்றுகொள்ளும். க்ளாட்டில் ஆசிரியரின் டோன் என்ன என்று கேட்கிற கேள்விக்கும் இதே பழக்கம் கைகொடுக்கும்.

"ஒரே மாதிரி இருக்கிற வார்த்தைகள் குழம்புகின்றன"

முதலில் நோட்டைப் பாருங்கள். வார்த்தைக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் எழுதிவைத்திருக்கிறீர்களா? அதை அடித்துவிடுங்கள். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். பேல் என்று எழுதினால் அது வெளிறிய என்பதா, வைக்கோல் கட்டா, ஜாமீனா, வாளியா? இங்கிலீஷில் நாலும் நாலு ஸ்பெல்லிங், தமிழில் எழுதினால் நாலும் ஒன்று. உச்சரிப்புக்கு ஆன்லைன் டிக்‌ஷனரியில் ஸ்பீக்கர் படத்தை அழுத்திக் காதால் கேளுங்கள், கூடவே வாயால் சொல்லுங்கள், கையால் இங்கிலீஷில் மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது, குழப்புகிற ஜோடியை ஒரே நாளில் சேர்த்துப் படிக்காதீர்கள். கைடுகளில் 'கன்ஃப்யூசிங் பேர்ஸ்' என்று பக்கம் பக்கமாக ஜோடி போட்டிருப்பார்கள், அப்படிப் படித்தால் எது எது என்பதுதான் முதலில் மறக்கும். இமினன்ட் (இதோ நடக்கப்போகிற) முதலில் நன்றாக ஊறட்டும், இரண்டு வாரம் கழித்து எமினன்ட் (புகழ்பெற்ற) வரட்டும். எலிசிட் (பதிலை, உண்மையை வரவழை), இல்லிசிட் (சட்டத்துக்குப் புறம்பான) ஜோடிக்கும், இன்ஜீனியஸ் (மதிநுட்பமான), இன்ஜெனுவஸ் (கள்ளமில்லாத) ஜோடிக்கும் இதே வழிதான். டிஸ்க்ரீட் இரண்டு உண்டு, உச்சரிப்பும் ஒன்றே. கடைசியில் இரண்டு 'ஈ' எழுத்தும் ஒட்டி நின்றால் ரகசியம் காக்கிற, பக்குவமான என்று பொருள். நடுவில் 'டீ' எழுத்து புகுந்து இரண்டு 'ஈ'யையும் பிரித்துவிட்டால் தனித்தனியான என்று பொருள். எழுத்தே பிரிந்து நிற்பதால் அதை மறக்க முடியாது.

"ரூட் வேர்ட்ஸ் எல்லாம் படித்தேன், அப்படியும் தப்பாகிறது"

ரூட், அதாவது வார்த்தையின் வேர்ப்பகுதி, படிப்பது வீண் இல்லை. 'க்ரெட்' என்றால் நம்பு என்று தெரிந்தால் க்ரெடிபிள், க்ரெடுலஸ், இன்க்ரெடுலஸ் மூன்றும் ஒரே கையில் வந்துவிடும். 'லொக்' பேச்சு என்று தெரிந்தால் எலோக்வென்ட், லொகுவேஷியஸ், சோலிலோக்கி எல்லாம் உறவாகத் தெரியும். ஆனால் பரீட்சை வைப்பவர்களுக்கும் நீங்கள் ரூட் படித்திருப்பது தெரியும். எனர்வேட் என்பது எனர்ஜி மாதிரித் தெரிந்தாலும் பொருள் சோர்வடையச் செய்வது. இன்வால்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது இல்லை, விலைமதிக்க முடியாதது. நாய்சம் சத்தம் சம்பந்தப்பட்டது இல்லை, அருவருப்பான, கெடுதலான. ரெஸ்டிவ் ஓய்வில் இல்லை, அமைதியில்லாமல் தவிக்கிறது. மெரிட்ரிஷியஸில் மெரிட் கிடையாது, வெளிப்பகட்டு மட்டும்தான். அஃபிஷியஸ் என்றால் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கிற. டிஸ்இன்டரஸ்டட் என்றால் ஆர்வமில்லாத என்பதை விட, சுயலாபம் பார்க்காத, நடுநிலையான என்ற பொருளில்தான் பரீட்சையில் வரும்.

ரூட்டை வைத்து ஊகியுங்கள், ஊகித்ததை டிக்‌ஷனரியில் சரிபார்த்துவிட்டு மட்டும் கார்டில் எழுதுங்கள். ஊகம் தப்பிய வார்த்தைகளுக்குச் சிவப்பு மை. அந்தச் சிவப்பு கார்டுகள்தான் பரீட்சைக்கு முந்தின வாரம் தங்கம்.

"டிக்‌ஷனரியில் போட்டிருக்கிற விளக்கமே புரியவில்லை"

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்கவே வேண்டாம். இது அடித்தள வார்த்தைகள் இன்னும் முழுசாகவில்லை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு மேலே லொகுவேஷியஸ், மெரிட்ரிஷியஸ் என்று அடுக்கினால் நிற்காது. முதலில் ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற அடிப்படைப் பட்டியலை இணையத்தில் இலவசமாக எடுத்து, தெரியாததை மட்டும் வட்டம் போடுங்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வட்டம் விழுவது நினைப்பதை விடக் குறைவாகத்தான் இருக்கும். அது முடிந்ததும் அகாடமிக் வேர்ட் லிஸ்ட். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் என்பவர் கல்லூரிப் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அலசி 2000-ல் வெளியிட்ட பட்டியல், 570 சொற்குடும்பங்கள். அம்பிகுவஸ், ஆர்பிட்ரரி, இன்ஹெரன்ட், ரிலக்டன்ஸ், ஆல்பீட் போன்றவை அதில் வரும். பத்தியை நிரப்புவது இந்த மாதிரி வார்த்தைகள்தான். என்னைக் கேட்டால், இந்த 570-ஐ உண்மையாகத் தெரிந்துவைத்திருக்கிற பிள்ளை, மூவாயிரம் அபூர்வ வார்த்தையை அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையை விட க்ளாட்டிலும் க்யூட்டிலும் முன்னால்தான் நிற்கும்.

டிக்‌ஷனரியும் லேர்னர்ஸ் வகையாகப் பார்த்து எடுங்கள். அதில் விளக்கத்துக்குப் பயன்படுத்துகிற சொற்களையே எளிய சில ஆயிரத்துக்குள் கட்டுப்படுத்தி எழுதியிருப்பார்கள்.

"எடிட்டோரியல் படி என்கிறார்கள், படித்தும் ஒன்றும் ஏறவில்லை"

தினமும் முழுப் பேப்பரையும் புரட்டுவதால் ஏறாது. ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு வாரம் படியுங்கள். மேகதாது என்றால் மேகதாது, வெப்ப அலை என்றால் வெப்ப அலை. ஒரே விஷயத்தில் அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வேறு வேறு வாக்கியத்தில் வரும், கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஊகிப்பதும் சுலபம். வீட்டில் இங்கிலீஷ் பேப்பர் வாங்காதவர்களுக்கு மதுரை நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் இருந்து தினமும் வர முடியாது, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வந்து ஒரே விஷயத்தைப் பற்றிய நாலைந்து கட்டுரையைச் சேர்த்துப் படித்துக் குறிப்பெடுத்துப் போனால் வாரம் முழுவதுக்கும் கார்டுக்குத் தேவையான வாக்கியங்கள் கிடைத்துவிடும்.

முதல் வாசிப்பில் டிக்‌ஷனரியைத் தொடாதீர்கள். இரண்டாவது வாசிப்பில் ஐந்து வார்த்தை மட்டும் எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

"தெரியாத வார்த்தை ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன்"

தெரியாத வார்த்தை வரத்தான் செய்யும். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'ஃபார் ஆல் ஹிஸ் ப்ளஸ்டர் இன் பப்ளிக், ஹி வாஸ் ஆட்லி டிஃபிடன்ட் அட் ஹோம்.' டிஃபிடன்ட் தெரியாது என்று வைத்துக்கொள்வோம், ப்ளஸ்டரும் தெரியாது. 'ஃபார் ஆல்' என்று ஆரம்பித்தால் 'அப்படி இருந்தும்' என்று பொருள், ஆக முன்பாதியும் பின்பாதியும் எதிரும் புதிருமாக இருக்கவேண்டும். ஆட்லி என்றால் வினோதமாக, ஆக எதிர்பார்க்காத ஒன்று. வெளியே ஒரு மாதிரி, வீட்டில் அதற்கு நேர்மாறு. ஆப்ஷன்களில் கூச்ச சுபாவம், தன்னம்பிக்கை இல்லாமை என்ற பக்கம் ஒன்றும், சத்தம், வீறாப்பு என்ற பக்கம் ஒன்றும் இருக்கும். ப்ளஸ்டர் என்பது உச்சரிப்பிலேயே கொஞ்சம் ஆர்ப்பாட்டமாகத்தான் இருக்கிறது, வெளியில் வீறாப்பு, வீட்டில் கூச்சம் என்பதுதான் பொருந்தும். சரியான விடையும் அதுதான்.

இதைப் பழக ஒரு வழி: எடிட்டோரியலில் ஹவெவர், தோ, டெஸ்பைட், ஃபார் ஆல், ராதர் தேன் மாதிரித் திருப்புகிற சொற்களை மட்டும் வட்டம் போட்டு, அதன் இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் போட்டுக்கொண்டே போங்கள். தெரியாத வார்த்தை எந்தப் பக்கம் விழுகிறது என்பது தெரிந்தாலே பல கேள்விக்குப் போதும்.

அப்புறம் நெகட்டிவ் மார்க் பயம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். க்யூட்டில் சரிக்கு 5, தப்புக்கு மைனஸ் 1. நாலு கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு, 5-ல் 3 போக 2 மிச்சம். க்ளாட்டில் சரிக்கு 1, தப்புக்கு மைனஸ் 0.25. அங்கே அதே நாலு கேள்விக்குச் சராசரியாகக் கால் மார்க்தான் மிஞ்சும், ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆப்ஷனைக் கழித்துவிட்டுக் குறித்தால் ஒன்றரை மார்க் மிஞ்சும். ஆக, தொனியை வைத்து இரண்டைக் கழிக்க முடிந்த கேள்வியை விட்டுவிட்டு வராதீர்கள். மார்க் முறை மாறியிருக்கிறதா என்று உங்கள் வருஷத்து அறிவிப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் தெரிகிறது, நேரம்தான் போதவில்லை"

ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே போகிறீர்கள். நாலைந்து வார்த்தையாகச் சேர்த்துச் சேர்த்து, கொஞ்சம் சத்தமாக, ஏற்கெனவே புரிந்த பத்தியையே மறுபடி வாசியுங்கள். புதுப் பத்தியில் வேகம் பழக வராது.

"படிக்கிறேன், ஆனால் பேசும்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை"

இந்தப் பரீட்சைகள் அதைக் கேட்கவில்லை. இப்போதைக்கு விடுங்கள், கல்லூரிக்குப் போய்ப் பேசிப் பேசி வரும்.

"பரீட்சை நெருங்கிவிட்டது, இன்னும் பாதி லிஸ்ட் மிச்சம்"

க்ளாட் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வாக்கில் வரும், பள்ளியில் அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். க்யூட் எழுதுகிறவர்களுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்து, அழகர் ஆற்றில் இறங்கி, ஊர்க் கூட்டம் கலைகிற சமயத்தில் பரீட்சை வந்து நிற்கும். இரண்டிலுமே கடைசி இரண்டு வாரம் புது வார்த்தைக்கு நேரம் இருக்காது. லிஸ்டின் மிச்சத்தை மூடி வையுங்கள். மூன்று டப்பாவையும் ஒன்றாகக் கொட்டி, தயங்காமல் சொல்ல முடிகிற கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். மிஞ்சுகிற கட்டையும் சிவப்பு மை கார்டுகளையும் காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். நடுவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய கேள்வித்தாளில் இங்கிலீஷ் பகுதியை மட்டும் கடிகாரம் வைத்து எழுதி, முதலில் சொன்ன மாதிரி ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுதுங்கள். அதில் 'வார்த்தையே தெரியாது' என்று வருகிறவை மட்டும் கார்டாகட்டும்.